மிரட்டப் போன தாய்மாமன்

ரத்தோட்டையில் அக்கா வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். முகமூடி போட்ட வீரன் ஒருவன் வாரத்துக்கு ஒரு குற்றவாளியைப் பிடிக்கிற தொடர். அந்த வாரத்து வில்லன் உயரமான கட்டடத்தின் உச்சியில் நின்று, நகரத்தை எப்படி அழிக்கப்போகிறான் என்று விளக்கிக்கொண்டே இருந்தான். தமிழில் குரல் கொடுத்தவருக்குத் தொண்டையில் மிளகு சிக்கியிருக்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் பேசுனான்னா நகரமே தூங்கிரும். அழிக்கத் தேவையே இல்ல" என்றேன்.

அக்கா சிரித்தாள். என் நக்கலுக்கு எப்போதும் முதலில் சிரிப்பவள் அக்கா மகள்தான். மாத்தளை டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

"இவனுங்களப் பாத்தா ஏன் பயம் வரலன்னு தெரியுமா மாமா?"

"ஏனாம்?"

"பயப்படு பயப்படுன்னு கெஞ்சுறானுங்க. நெசமா பயங்காட்டுறவன் சிரிச்சிக்கிட்டுத்தான் பேசுவான்."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் வீடு திரும்பும் கடைசி பஸ்ஸின் கொண்டக்டர். கையைத் தொடுவதில்லை, கெட்ட வார்த்தை பேசுவதில்லை. "நேத்து வரலியே, எங்க போனீங்க?" என்பானாம். "ஒங்க வீட்டு வாசல்ல புதுசா செவப்புக் கொடி கட்டியிருக்கே, துணி காயப் போடவா?" என்பானாம். எல்லாம் சிரித்த முகத்தோடு. அந்த பஸ்ஸை விட்டால் அவளுக்கு வேறு பஸ் இல்லை.

"வேலைய விட்டுரலாமான்னு பாக்குறேன்" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். மச்சான் கொழும்பில் இருக்கிறார். இங்கே இருந்திருந்தாலும் போக வேண்டியவன் நான்தான். பெண்பிள்ளைக்கு ஒன்றென்றால் எங்கள் சனங்களில் தாய்மாமன்தான் போய்க் கேட்க வேண்டும்.

வாசனைத் திரவியத் தோட்டத்தில் வெள்ளைக்காரர்களுக்கு ஏலக்காயையும் கறுவாவையும் காட்டிக் கதை சொல்வது என் பிழைப்பு. வாய்க்குக் குறைவில்லை. ஆனாலும் அந்த வில்லன் செய்த பிழையைச் செய்யக்கூடாது, பேசாமல் முறைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கண்ணாடி முன் முறைத்தும் பார்த்தேன். சுமாராக வந்தது.

மறுநாள் மாலை, அவள் வருவதற்கு முன்பே மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். கடைசி பஸ்ஸின் படியில் ஒருவன் நின்றான்: இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. அவன்தான். முறைத்தேன்.

"வாங்க மாமா" என்றான். "மருந்துக்கடைப் புள்ளையோட மாமாதானே? வெள்ளைக்காரங்களுக்குக் கத சொல்றவரு. தெரியாமலா?"

இவனுக்கு என்னை எப்படித் தெரியும் என்று அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும். எனக்கோ பெருமையாக இருந்தது.

முன் சீட்டில் கிடந்த பையைத் தூக்கிவிட்டு என்னை உட்காரவைத்தான். எதிர்க் கடையில் சொல்லி பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டி வரவழைத்தான். சூடான பிளேன்டியை ஊதிக்கொண்டே ஒருவனை முறைப்பது லேசில்லை.

"தம்பி, அந்தப் புள்ள விஷயம்… கொஞ்சம் பாத்து நடந்துக்கங்க" என்றேன்.

"நீங்க சொல்லணுமா மாமா? நான் பாத்துக்கிறேன்."

வந்த வேலை முடிந்தது என்று நினைத்து, ஏலக்காயைப் பார்த்துப் பூச்சி என்று அலறிய வெள்ளைக்காரியின் கதையை எடுத்துவிட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போதுதான் அக்கா மகள் பஸ்ஸில் ஏறினாள். முன் சீட்டில் கிளாஸும் கையுமாக நான் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். நேரே பின்னால் போய் நின்றாள்.

பஸ் புறப்பட்டது. அவளிடம் டிக்கட் கொடுக்கப் போனவன் எல்லோருக்கும் கேட்கும்படி, "மாமாவே வந்து பேசிட்டாரு. இன்னும் என்ன?" என்றான்.

பக்கத்துச் சீட்டு அம்மா என்னைப் பார்த்து, "எப்ப கல்யாணம்?" என்றார். எங்கள் பக்கம் ஒருவன் கையால் பெண்ணின் தாய்மாமன் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்துப் பேசினால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. கடையில் திருப்பிக் கொடுக்க மறந்த கிளாஸைக் குனிந்து பார்த்தேன்.

அவளே பேசினாள். சத்தம் போடவில்லை.

"எங்க மாமா சம்பந்தம் பேச வரல. என்கிட்ட பேச்சுக் குடுக்காதீங்கன்னு சொல்ல வந்தாரு. அவருக்குச் சொல்ல வரல. அதனால நான் சொல்றேன். டிக்கட்ட மட்டும் குடுங்க."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான், துணைக்கு. நானும் அவனும் ஒரு கட்சி என்று அவன் நம்பியிருந்தான். இன்றுவரை உடம்பு கூசுவது அந்தப் பார்வைக்குத்தான்.

எழுந்து பின்னால் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"எனக்கும் ஒரு டிக்கட் குடுங்க."

"மாமாவுக்கு எதுக்கு…"

"குடுங்க."

கொடுத்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு கையில் கிளாஸ், மறு கையில் டிக்கட், கம்பியைப் பிடிக்க எனக்கு வேறு கை இல்லை. முதல் வளைவிலேயே அவள்மேல் போய்ச் சாய்ந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினாள். ரத்தோட்டை வரும்வரை பிடியை விடவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.