மௌசர் கட்சிக்காரர் குடியுரிமை கேட்ட கதை

சுவிற்சர்லாந்தில் தம்பித்துரை சந்தேகப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான்: ஜேர்மன்காரனின் மௌசர் என்கிற பழைய துப்பாக்கி, ஊர்ப் பேச்சில் துவக்கு. மற்றதெல்லாம் விசாரணைக்குரியவை. நேரம் பிசகாமல் வருகிற பஸ்ஸைக்கூட, இது யார் சொல்லி இவ்வளவு சரியாக வருகிறது என்று ஒரு மாதிரித்தான் பார்ப்பார்.

இதற்கு அரசாங்கமே பொறுப்பு. எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி விசாரணைக்குப் போனபோது, உங்கள் ஊருக்கு வந்த ஆமிக்காரர் என்ன துவக்கு வைத்திருந்தார்கள் என்று அதிகாரி கேட்டார். “கறுப்பாக இருந்தது” என்றார் தம்பித்துரை. அதிகாரியின் புருவம் உயர்ந்தது. துவக்கைக் கண்டு ஓடுகிறவன் நின்று அதன் பெயரை விசாரிப்பதில்லை என்பது அந்தப் புருவத்துக்குத் தெரியவில்லை. எப்படியோ அனுமதி கிடைத்தது. ஆனால் இனி எவனும் துவக்கு விஷயத்தில் தன்னை மடக்கக்கூடாது என்று அவர் படிக்கத் தொடங்கினார். இங்கத்தைய தொலைக்காட்சியில் அகப்பட்டதெல்லாம் இரண்டு உலக யுத்தங்கள். ஆகவே லுசேர்ண் ஹோட்டல் குசினியில் சலாட் வெட்டுகிற மனிதர், தனக்குச் சம்பந்தமேயில்லாத இரண்டு யுத்தங்களில் பண்டிதரானார்.

பண்டிதருக்கு எதிர்க்கட்சி வேண்டுமே. அதே குசினியில் மீன் பொரிக்கிற மன்னார் இன்னாசித்தம்பி அமெரிக்கனின் கராண்ட் துவக்குக் கட்சி. பாராளுமன்றம் பஸ்ஸில் கூடும்.

“அண்ணை, உங்கட மௌசர் அஞ்சு சன்னம்தான் சுடும். ஒவ்வொண்டுக்கும் கொண்டியை இழுக்கவேணும். எங்கட கராண்ட் எட்டு. அமத்த அமத்தப் போகும்.”

“எட்டும் முடிய ‘டிங்’ எண்டு கிளிப் வெளியிலை பாயும். எதிரிக்கு மணியடிச்சுச் சொல்லுற துவக்கு! உமக்கு மாதா கோயில் பூசை மணி மாதிரி இருக்கும், என்ன?”

“நக்கலை விடுங்கோ.”

“முதலாம் யுத்தத்திலை உங்கட ஆள் என்னத்தைக் கொண்டு வந்தவன்? ஸ்பிரிங்ஃபீல்ட். மௌசரைப் பாத்துக் கொப்பியடிச்சது.”

“பிறகு புதுசு செய்தவனெல்லோ. உங்கட ஆள் ரெண்டாம் யுத்தத்துக்கும் தேப்பன்ரை துவக்கைக் கட்டையாக்கிக்கொண்டு வந்தவன்.”

சுற்றியிருக்கிற வெள்ளைக்காரருக்குத் தமிழ் விளங்காது என்பது இருவரதும் அசையாத நம்பிக்கை.

இப்படியிருக்க, மகள் லக்சாயினிக்கு லண்டனில் பிள்ளை பிறந்தது. பேரனைப் பார்க்க விசாக் கேட்டார், மறுத்தார்கள். மறுபடி கேட்டார், மறுபடி மறுத்தார்கள். பிறர் தன்னைச் சந்தேகப்படுவது அவருக்குப் பிடிக்காது. சந்தேகப்படுவது அவருடைய தொழில். மனைவி புனிதவதியும் பிள்ளைகளும் எப்போதோ சுவிஸ் குடியுரிமை எடுத்தவர்கள். இனிப் பொறுக்கேலாது என்று அவரும் கெமைண்டேயில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், விண்ணப்பம் போட்டார்.

போட்ட கையோடு பஸ்ஸில் ஒரு நரைத்த மீசைக்காரர் தோன்றினார். தினமும் எதிர் சீற். கையில் பத்திரிகை, பக்கம் மட்டும் புரளாது.

“உளவுக்காரன்தான்” என்று வீட்டில் அறிவித்தார் தம்பித்துரை. “ஆனா நாங்கள் தமிழிலைதானே கதைக்கிறம்.”

“மௌசரும் கராண்டும் ஸ்பிரிங்ஃபீல்டும் தமிழோ?” என்றாள் புனிதவதி. “ரெண்டு கறுத்த ஆம்பிளையள் பஸ்ஸிலை துவக்குப் பேராச் சொல்லிச் சண்டை பிடிச்சா, அந்தாள் பேப்பரைப் படிக்குமோ, உங்களைப் படிக்குமோ?”

தம்பித்துரை உடனே இன்னாசித்தம்பிக்குப் போன் போட்டார். மறுநாளிலிருந்து பஸ்ஸில் பாற்கட்டியைப் பற்றி மட்டும் கதைத்தார்கள். பாற்கட்டியில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லாதபடியால் கதை இரண்டு தரிப்பிடத்தைத் தாண்டவில்லை. மீசைக்காரரின் முகம் வாடியது. அதையும் தம்பித்துரை குறித்துக்கொண்டார்.

குடியுரிமை நேர்முகத்தன்று கதவைத் திறந்தால், விசாரிக்கிற குழுவின் மூன்று பேரில் ஒருவர் அந்த மீசை.

குழுத் தலைவியம்மா ஏரி, மலை, மந்திரிசபை எல்லாம் கேட்டார். தம்பித்துரை பிழையில்லாமல் ஒப்புவித்தார். கடைசியில் மீசை முன்னால் சாய்ந்தது.

“ஒரே ஒரு கேள்வி. மௌசரா, கராண்டா?”

பொறிதான். ஜேர்மன் என்றால் எந்தக் கூட்டத்தில் சேர்ப்பார்களோ. அமெரிக்கன் என்றால் யாருடைய ஆள் என்பார்களோ. “இரண்டும் நல்லவை. நான் நடுநிலை” என்றார், நாட்டின் கொள்கையையே எடுத்து வீசிய பெருமையோடு.

மீசைக்குப் பிடிக்கவில்லை. “பஸ்ஸில் கத்துகிறீர்கள், இங்கே அபிப்பிராயம் இல்லையா? இந்த நாட்டில் வருஷம் முழுக்க எதற்காவது வாக்குப் போடவேண்டும். அபிப்பிராயம் இல்லாத ஆளை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?” பேனை தாளை நோக்கி இறங்கியது.

லண்டன் பேரன் தூரப் போவதைத் தம்பித்துரை கண்டார்.

“மௌசர்!” என்று கத்தினார். “ஜேர்மன்காரன் தனித் துவக்கை நம்பிப் போகவில்லை ஐயா. நடுவில் மெஷின்கன், சுற்றிவர மௌசர். அஞ்சு சன்னம் அதற்குப் போதும்!”

“மெஷின்கன்காரன் விழுந்தால்?” என்று மேசையில் அடித்தார் மீசை. “அமெரிக்கனின் ஒவ்வொரு ஆளும் எட்டுச் சுடுவான்!”

“விழுந்தால் அடுத்தவன் எடுப்பான்!”

தலைவியம்மா மணிக்கூட்டைப் பார்த்து, பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீசைக்காரர் ஊர்த் துவக்குச் சூட்டுக் கழகத்தின் தலைவர் என்பதும், அங்கே எல்லோரும் அவருடைய கட்சியானபடியால் வாதாட ஆளில்லாமல் தவித்தார் என்பதும் அந்த அம்மாவுக்குத் தெரியும். மூவரும் சம்மதித்தார்கள். மேலிடங்களும் ஆறுதலாகத் தலையாட்டின.

லண்டன் விமான நிலையத்தில் தம்பித்துரை சிவப்புக் கடவுச்சீட்டை மெஷினில் வைத்தார். கதவு திறந்தது. ஒரு கேள்வியில்லை, ஒரு புருவம் உயரவில்லை. வெளியே லக்சாயினி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். தம்பித்துரை அசையவில்லை.

“வாங்கோவன். பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது” என்றாள் புனிதவதி.

“பொறும். ஏன் ஒண்டும் கேக்காம விடுறாங்கள்?”

“திரும்பிப் போய்க் கேக்கச் சொல்லப் போறியளோ?”

“கமெரா எங்கை வச்சிருக்கிறாங்கள் எண்டு மட்டும் பாத்திட்டு வாறன்” என்றார் சுவிஸ் பிரஜை.