அப்பாவின் நம்பர்

பள்ளியில் கொடுத்த லேப்டாப்பை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் நாலாம் வகுப்பு. அவள் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தாள். கள்ளிக்குப்பம் வீட்டில் அம்மாவும் நாங்கள் இருவரும்தான். பக்கத்துத் தெரு சித்தி தினமும் வந்துபோவாள். அப்பா வானகரத்தில் இருந்தார். வேலை அங்கே, தினமும் வந்துபோக முடியாது என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். வானகரம் அப்படியொன்றும் தூரமில்லையே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கொடுக்கிற எண்ணுக்கேற்ற பதிலைத் தேர்ந்தெடுக்கும் 'ஸ்விட்ச்' பாடத்தை வகுப்பில் நடத்திய வாரம், அக்கா எங்களை வைத்தே ஒரு புரோகிராம் எழுதினாள். ஒன்று என்ற எண்ணை அழுத்தினால் அம்மாவைப் பற்றி ஒரு வரி வரும்; இரண்டுக்குச் சித்தி, மூன்றுக்கு அவள், நாலுக்கு நான். முதல் தடவை அம்மா ஒன்றை அழுத்த, நாலு பேர் வரியும் மொத்தமாக வந்து விழுந்தன.

"இன்னாடி இது, என்னைக் கேட்டா ஊரையே கூப்டுது?" என்றாள் அம்மா.

ஒவ்வொரு எண்ணுக்கும் எழுதுவது ஒரு கேஸ்; அதன் முடிவில் பிரேக் என்று போடாவிட்டால் அது நிற்காமல் அடுத்ததற்குள் ஓடிவிடுமாம். அக்கா திருத்தினாள். பிறகு நாலுக்கு என் வரி மட்டும் வந்தது: 'சண்டைக்காரி. ஆனா நம்ம ஊட்டு சண்டைக்காரி.' அதை அன்று இருபது தடவையாவது அழுத்தியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. நான் அவரை இழுத்துவந்து லேப்டாப் முன்னால் உட்காரவைத்தேன்.

"எனக்கு இன்னா நம்பரு கண்ணு?"

ஐந்து என்று நானே முடிவுசெய்து அழுத்தினேன். எந்தக் கேஸிலும் சேராத எண்ணுக்கென்று கடைசியில் டிஃபால்ட் என்று ஒன்றை அக்கா திருத்தும்போது சேர்த்திருந்தாள். அதன் வரி வந்தது: 'இது யாருன்னு தெரியல.'

அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்தார். துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம், "எனக்கும் ஒண்ணு போடேம்மா. ஒரு வரி போதும்" என்றார்.

அக்கா நிமிரவில்லை. "முடியாதுப்பா. புதுசா ஒண்ணு சேக்கணும்னா எல்லாத்தையும் முதல்லேர்ந்து எழுதணும்."

"அவ்ளோ வேலையா கீது அதுல?" என்று தலையாட்டிவிட்டு அப்பா எழுந்துகொண்டார்.

ஒரு கேஸ் சேர்க்க மூன்று வரி போதும், அரை நிமிட வேலை என்பது நானும் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. வானகரத்தில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அன்று இரண்டும் தெரியாமல் தெருமுனைவரை அவரோடு போனேன். பரீட்சை முடிந்ததும் அக்கா கட்டாயம் எழுதிவிடுவாள் என்று வழியெல்லாம் சமாதானம் சொன்னேன்.

ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அப்பா என் கையைப் பிடித்தபடியே நின்றார், ஏறவில்லை. ஆட்டோ போய்விட்டது. அவர் கவனிக்கவில்லை போல என்று நினைத்து, அடுத்தது வந்ததும் நானே கைகாட்டி நிறுத்தி அவரை ஏற்றிவிட்டேன்.