இரண்டாம் ஆளுக்குப் பொன்னாடை

மதிப்பாய்வு செய்கிறவர்களையும் மேடையேற்றிப் பாராட்டவேண்டும் என்று எங்கள் சஞ்சிகைக்காரருக்கு எந்த நேரத்தில் தோன்றியதோ தெரியாது. தோன்றாமல் இருந்திருந்தால் அந்த வருசம் முழுக்க நான் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன்.

சண்டைக் காலம். அதற்குள்ளும் மட்டக்களப்பில் நகரங்களைப் பற்றி மட்டும் கட்டுரை போடுகிற ஒரு சஞ்சிகை வந்துகொண்டிருந்தது. ஷெல் விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று சனம் யோசித்துக்கொண்டிருக்க, சந்தை ஏன் இடம் மாறுகிறது, பட்டணம் ஏன் தெற்கே நீளுகிறது என்று நாங்கள் கொஞ்சப் பேர் வாழைச்சேனை ஆலைக் கடதாசியில் அச்சடித்துக்கொண்டிருந்தோம். கொழுப்புத்தான், வேறென்ன சொல்ல. வருகிற ஒவ்வொரு கட்டுரையையும் எழுதியவர் பெயரை வெட்டிவிட்டு இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். அவர்கள் வாசித்துக் குற்றம் குறை எழுதிக் கொடுக்கவேண்டும். கட்டுரைக்காரருக்கு அவர்கள் யாரென்று தெரியாது. முதலாம் ஆள், இரண்டாம் ஆள், அவ்வளவுதான். சம்பளமும் இல்லை, ஒரு தேத்தண்ணி கூட இல்லை.

யார் எந்த ஆள் என்று தெரிந்த ஒரே மனுசர் சஞ்சிகையை நடத்திய பாதர். பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழகியவர், அவர் வாயிலிருந்து ஒரு பெயர் வராது. ஆனால் மட்டக்களப்பு அப்படிப்பட்ட இடமா? இங்கே ஒருவர் தும்மினால், பாலத்துக்கு அங்கால் இருக்கிறவர் இன்னார்தான் தும்மியது என்று சொல்லிவிடுவார். அதனால் கையெழுத்துப் பிடிபடக்கூடாது என்று எங்கள் அறிக்கைகளைப் பாதரே தன் பழைய தட்டெழுத்து மெசினில் திரும்ப அடித்து அனுப்புவார். அடித்து அடித்து அவருக்கு விரல் வீங்கியதுதான் மிச்சம்.

நான் அப்போது கம்பஸில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. துறைத்தலைவர் என்னைப் பற்றி நல்லதாக ஓர் அறிக்கை எழுதினால் நிரந்தரம், எழுதாவிட்டால் சொந்த ஊர் தேற்றாத்தீவுக்கு பஸ் ஏறவேண்டியதுதான். வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயைத் துறைத்தலைவர் முன்னால் மட்டும் கட்டி வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் பாதர் ஒரு கட்டுரை அனுப்பினார். ஊரை விட்டு ஓடிவந்த சனம் பட்டணத்தின் விளிம்பில் எப்படிக் குடியேறியிருக்கிறது என்று எழுதியிருந்தது. நல்ல உழைப்பு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முன்னுரை முடிய எனக்கு இரண்டு தரம் கொட்டாவி வந்தது. பிறகு ஒரு வரைபடம். அதைப் பார்த்ததும் கொட்டாவி நின்றுவிட்டது. இந்த ஒழுங்கையில் இருப்பவர்கள் பனிச்சங்கேணிப் பக்கத்தார், அந்த ஒழுங்கையில் இருப்பவர்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வந்தவர்கள் என்று தெருத் தெருவாக, வீடு வீடாகக் குறித்து, அழகாகக் கீறி வைத்திருந்தார் மனுசர். எந்த ஊர் என்று கேட்டுத்தானே அந்தக் காலத்தில் சென்றிகளில், அதுதான் ஆமியின் காவலரண்களில், ஆட்களை பஸ்ஸில் இருந்து இறக்கினார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நின்றது. உட்கார்ந்து எழுதினேன்: முன்னுரையில் பாதியை வெட்டவும். கட்டுரையாளர் வாவியின் மறுகரையை ஒரு தடவையாவது நடந்து பார்த்துவிட்டு எழுதவும். இந்தப் படம் யாருக்கு? வாசிக்கிறவருக்கு உதவுவதைவிடத் தேடுகிறவருக்குத்தான் கூட உதவும். உடனே எடுக்கவும்.

கொஞ்ச நாள் போயிருக்கும். மத்தியானம் எல்லோரும் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். துறைத்தலைவர் வந்தார். தினமும் பஸ்ஸில் வந்து, சென்றிக்குச் சென்றி இறங்கி, திறந்து காட்டி, திரும்ப ஏறி, அவருடைய பழுப்புப் பையின் சிப் தேய்ந்தே போயிருந்தது. அன்றைக்கு அந்தப் பைக்குள்ளிருந்து சோற்றுப் பார்சலை எடுக்கவில்லை, தட்டெழுத்தில் அடித்த ஒரு தாளை எடுத்தார்.

"கேளுங்க எல்லாரும். இரண்டாம் ஆள் எண்டு ஒருத்தன் எனக்கு எழுதியிருக்கான். மறுகரைய நடந்து பாக்கட்டாம். நான் பிறந்ததே அங்கதான். ஆரவன், நேத்து முளைச்சவன்?"

என் வாயில் சோறு இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவர் வரி வரியாக வாசிக்க, எல்லோரும் "அநியாயம் சேர்" என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லாமல் என்ன செய்ய?

அன்றிலிருந்து பிடித்தது சனி. ஒவ்வொரு நாளும் இரண்டாம் ஆளுக்கு அர்ச்சனை நடக்கும், நான் பக்கத்தில் இருந்து தலையாட்டவேண்டும். "நீங்க சொல்லுங்க புள்ள, அந்த முன்னுரையில ஒரு வரியாவது கூடிப்போச்சா?" என்று என்னிடமே கேட்பார். "ஒரு சொல்லும் கூடிப்போகல்ல சேர்" என்பேன். என்னைப் பற்றிய அறிக்கை அவர் மேசை லாச்சிக்குள் வெறுமையாகக் கிடந்தது. அந்தத் தாளில் அவர் என்ன எழுதுவார் என்ற நினைப்பில்தான் எனக்குப் பொழுது விடிந்தது.

கட்டுரை வெளிவந்தது. ஒழுங்கைப் படம் இல்லாமல் வந்தது. அப்பாடா என்றிருந்தேன். அதற்குள்தான் பாராட்டு விழா என்று கிளம்பினார்கள். கட்டுரைக்காரர் எல்லோரிடமும், யாருடைய மதிப்பாய்வு மெய்யாகவே உதவியது என்று பாதர் கேட்டிருக்கிறார். எங்கள் துறைத்தலைவர் இரண்டாம் ஆள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த மனுசரை என்னவென்று சொல்வது? அவரே வந்து சொன்னபோது, ஏன் சேர் என்று நான் கேட்டதற்கு, "முதலாம் ஆள் 'நன்று, படத்தைப் பெரிதாகப் போடவும்' எண்டு மட்டும் எழுதினவர். கிழிச்சவன்தானே புள்ள வாசிச்சிருக்கான்" என்றார். "ஆனா ஆளைப் பாத்தா ரெண்டு கேள்வி கேக்கோணும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் பாதரிடம் ஓடினேன். பொன்னாடை வேண்டாம், என் பிழைப்பில் மண் விழுந்துவிடும் என்று சொன்னேன். "நான் பேர் சொல்லமாட்டன், மகள். ஆனா அழைப்பிதழ் அடிச்சாயிற்று" என்றார். பெயர் தெரியாத ஆளை மேடைக்கு எப்படிக் கூப்பிடுவது என்று அச்சடித்து முடிந்த பிறகுதான் அவர்களுக்கு யோசனை வந்திருக்கிறது. படித்தவர்கள் கூடிச் செய்த வேலை.

விழா வாவிக்கரையில் ஒரு மண்டபத்தில், பொழுது சாய முதல் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதால் பின்னேரம் வெள்ளனவே தொடங்கியது. நான் மூன்றாம் வரிசையில், ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியருக்குப் பக்கத்தில் ஒதுங்கி இருந்தேன். அவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். துறைத்தலைவர் வேட்டி சால்வையோடு மேடையில் நின்றார், கையில் பொன்னாடை. உதவி பெற்ற கட்டுரைக்காரரே போர்த்தவேண்டும் என்று ஏற்பாடு. அவருடைய மனைவி முன்வரிசையில் இருந்தார்.

பாதர் மைக்கைப் பிடித்து, "இரண்டாம் மதிப்பாய்வாளர் சபையில் இருந்தால், விரும்பினால், மேடைக்கு வரலாம்" என்றார்.

ஒருவரும் எழும்பவில்லை. எழும்பினால்தானே. நான் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துறைத்தலைவரின் பார்வை ஒவ்வொரு முகமாக வந்து எங்கள் வரிசையில் நின்றது. பிறகு விறுவிறென்று இறங்கி வந்தார். வந்தவர் எனக்குப் பக்கத்தில் இருந்த பேராசிரியருக்குப் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். இவ்வளவு காரமாக எழுத ஒரு பெரிய மனுசரால்தான் முடியும் என்று அவர் முடிவே கட்டியிருந்தார். பேராசிரியரும் "வேணாம், வேணாம்" என்று சொல்லிக்கொண்டே கழுத்தை வாகாக நீட்டினார்.

தப்பினேன் என்று மூச்சு விட்டேன். அதோடு விட்டிருந்தால் நான் நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போயிருப்பேன். பேராசிரியர் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"நல்ல கட்டுரை. நான் ஒண்டுதான் எழுதினன். அந்த ஒழுங்கைப் படத்த இன்னும் பெரிசாப் போடச் சொல்லி. ஏனோ அதை விட்டுட்டாங்க."

பாவம், அவர்தான் முதலாம் ஆள். அவர் பொய் சொல்லவில்லை, தான் எத்தனையாம் ஆள் என்று தெரியாமல் தனக்குத்தான் மரியாதை என்று நினைத்துவிட்டார். துறைத்தலைவரின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. சபையோ கைதட்டியது. படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னதற்குக் கைதட்டல். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. வேலை, சம்பளம், வீட்டு அடுப்பு எல்லாம் ஞாபகம் இருந்தது. இருந்தும் எழும்பிவிட்டேன்.

"படத்த எடுக்கச் சொன்ன ஆள் நான்தான்" என்றேன்.

துறைத்தலைவர் என் பக்கம் கிறுகினார்.

"நீங்களா புள்ள, என்னை மறுகரைய நடந்து பாக்கச் சொன்னது?"

"ஓம் சேர். நீங்க அங்க பிறந்தது அப்ப தெரியாது."

"முன்னுரை?"

இனி என்ன இருக்கிறது இழக்க என்று நினைத்தேன். "அது இப்பவும் நீளம்தான் சேர்."

முதலில் சிரித்தது பாதர். மறுகா சபையே சிரித்தது. துறைத்தலைவர் சிரிக்கவில்லை. பேராசிரியர் பொன்னாடையைக் கழற்றப் போக, "ஒருக்காப் போத்தினத எடுக்கக்கூடாது சேர்" என்று தடுத்தார். பிறகு தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து உதறினார். ஆம்பிளை வந்து ஒரு பெண்ணுக்குப் போர்த்துகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அதனால் அதை மனைவியின் கையில் கொடுத்து, "நீங்க போத்துங்க" என்றார். இப்படித்தான் எனக்குக் கிடைத்தது, பாதி வேர்வையில் நனைந்த ஒரு சால்வை.

தேத்தண்ணி குடிக்கும்போது துறைத்தலைவர் பக்கத்தில் வந்து நின்றார். "உங்கட அறிக்கை நாளைக்குப் போகும். முன்னுரை இல்லாம எழுதுறன்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சொன்னபடியே எழுதினார். இரண்டு வரி. அந்த இரண்டு வரியில்தான் நான் ஓய்வுபெறும் வரைக்கும் சாப்பிட்டேன்.

பஸ்ஸுக்கு வெளிக்கிடும் நேரம் சேரின் மனைவி வந்து என் கையைப் பிடித்தார். சால்வையைத் திருப்பிக் கேட்க வந்தார் என்று நினைத்துக் கழற்றப் போனேன்.

"போட்டிருங்க மகள்" என்றார். "அந்தப் படத்த அவர் பைக்குள்ள வச்சுக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் சென்றியத் தாண்டிப் போய் வந்தவர். நானும் எவ்வளவோ சொன்னன், கேக்கல்ல. உங்கட தாள் வந்த அண்டைக்கு ஏசி ஏசிக்கொண்டே அத எடுத்து அடுப்புக்குள்ள போட்டவர். அண்டைக்குத்தான் மகள் நான் நித்திரை கொண்டன்."

பஸ் வந்துவிட்டது. அவர் கையை விடவில்லை.