பிய்யாத வார்

நனைந்த தோலின் வாடை எங்கே அடித்தாலும் இன்றைக்கும் எனக்கு மூக்கு நிறையக் குளோரின் தண்ணீர் ஏறியது போல் இருக்கும். கூடவே ஜெயசீலனின் மூஞ்சியும் ஞாபகத்துக்கு வந்து அந்த நாளையே நாசமாக்கிவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கோடை விடுமுறை விட்டதும் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு, நர்சாக இருந்த அத்தையின் குவார்ட்டர்ஸுக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு நீச்சல் குளம். பக்கத்து வீட்டு ஜெயசீலன் அதற்கு மகாராஜா. நான் படியில் கால் வைத்ததுமே, "தோல் ஷாப்பு வந்துட்டான்டா, மூக்கப் பொத்துங்க!" என்பான். அப்பாவுக்குத் தோல் பதனிடும் "ஷாப்பி"ல் வேலை இல்லை, கம்பெனியில் தோலை நனைத்து மரக்கட்டை மேல் இழுத்து ஷூ ஆக்குகிறவர் என்று நான் மார்தட்டி விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு என்னைத் தண்ணீரில் அமுக்கினான்.

விடுமுறைக் கடைசியில் பந்தயம். அவனை ஜெயிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று சபதம் போட்டேன். குளோரின் பட்டால் என் கண் மிளகாய்ப்பழமாகிவிடும் என்பதால், அத்தை யாரிடமோ கேட்டு வாங்கித் தந்த பழைய நீச்சல் கண்ணாடிதான் என் ஆயுதம். ஆனால் மேடையிலிருந்து பாய்ந்ததும் அது கழன்றுவிடும். "மோவாய நெஞ்சோட ஒட்டுடா! ரெண்டு காதும் கைக்குள்ள இருக்கணும்!" என்று நீச்சல் மாஸ்டர் தொண்டை கிழியக் கத்துவார். நானோ பாயும்போதே ஜெயசீலன் எங்கே என்று தலையைத் தூக்கி முறைப்பேன். ஒருவழியாக முறைக்காமல் பாயப் பழகியபோது, கண்ணாடியின் ரப்பர் வார் அறுந்துபோனது.

அத்தை சொல்லியனுப்ப, பந்தயத்தன்று அப்பா ஆம்பூரிலிருந்து புது வாருடன் வந்து இறங்கினார். கம்பெனியில் கழித்துப்போட்ட மெல்லிய தோல், இரு ஓரமும் தையல், சின்னப் பித்தளை பக்கிள். "இன்னா பண்ணாலும் இது பிய்யாது" என்று மண்டை நெரியக் கட்டிவிட்டு, கரையில் முதல் ஆளாகப் போய் நின்றுகொண்டார். நானும் எப்போதும் போல, ஆவி படியாமலிருக்கக் கண்ணாடியைக் கழற்றி வாரோடு தண்ணீரில் நன்றாக ஊறவைத்து மாட்டிக்கொண்டேன்.

விசில் அடித்தது. மோவாய் நெஞ்சில், காது கைக்குள், முறைப்பு அறவே இல்லை. நான் பாய்ந்ததிலேயே உருப்படியான பாய்ச்சல் அது. கண்ணாடியோ நேரே வாய்க்கு இறங்கிக் கடிவாளமாக மாட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு ஆவேசமாக நீந்தி, தடம் பிரிக்கும் கயிற்றுக்கு அடியில் புகுந்து, எதிர்ச்சுவரை விட்டுவிட்டுப் பக்கச் சுவரில் போய் முட்டினேன்.

ஜெயித்துக் கரையேறிய ஜெயசீலன், என் கழுத்தில் தொளதொளவென்று தொங்கிய வாரை ஒரு விரலால் சுண்டினான்.

"இன்னா அங்கிள், தெனம் தோல நனைச்சுத்தான இழுக்கறீங்க? நனைஞ்சா நீளும்னு மறந்துட்டீங்களா?"

கரையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "ஆமாம்பா," என்றார். "இவன் ஜெயிச்சிடுவான்ற நெனப்புல மறந்துட்டேன்."

தோற்றதற்காக அல்ல, அப்பாவை அப்படிப் பதில் சொல்ல வைத்ததற்காகத்தான் அவனை நான் மன்னிக்கவே இல்லை.

குளம் இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. அந்தக் கம்பெனியும் இல்லை, அப்பாவும் இல்லை. கல்யாண வீடுகளில் ஜெயசீலன் நரைத்த தலையோடு வந்து கையை நீட்டுவான். நான் இலையில் இருக்கும் அப்பளத்தைத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருப்பேன். கண்ணாடி எப்போதோ உடைந்துபோய், வார் மட்டும் பீரோவில் கிடக்கிறது. போன வாரம் அதை எடுத்து இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன்.

பிய்யவில்லை.