டிரம் நிறையக் கதலி

தொண்ணூறுகளின் நடுவில், அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, நான் பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்து முடித்திருந்தேன். மதுரையில் மேல்படிப்பு படிக்க ஆசை. விண்ணப்பம் அப்பாவின் கையெழுத்துக்காக அலமாரியில் கிடந்தது. "மேல படிச்சு என்னத்தட்டி கிழிக்கப் போற?" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. பந்திக்கும் தாம்பூலத்துக்குமான கதலித் தார்கள் ஞாயிறன்றே ஆற்றங்கரைத் தோட்டத்திலிருந்து பச்சைக்காயாக வந்து இறங்கின. புகை மூட்டம் போட ஆள் கூப்பிடக் கிளம்பினார் அப்பா. நான் குறுக்கே போய் நின்றேன்.

"புகையே வேண்டாம்ப்பா. நான் பழுக்க வைக்கேன். சரியா வந்தா என்னை மதுரைக்கு அனுப்பணும்."

"வரலைன்னா?"

"அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

பழுத்த பழம் ஒரு வாயுவை விடும். கொஞ்சூண்டுதான். ஆனால் அது பட்டதும் பக்கத்துக் காயின் செல்களும் அதே வாயுவை உண்டாக்கத் தொடங்கும். உண்டானது, இன்னும் உண்டாக்கு என்று அவற்றை விரட்டும். ஒரு டிரம் காய்க்கு ஒரு பழம் போதும். பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். ஆனாலும் மதுரை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில், காய்களை டிரம்களில் அடுக்கி, டிரம்முக்கு ஒரு சீப்புப் பழுத்த பழத்தையே உள்ளே வைத்து, சாக்கால் மூடிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் வீடெல்லாம் பழ வாசனை. சாக்கை விலக்கினால் அத்தனையும் மஞ்சள். தொட்டால் காம்பை விட்டு உதிர்ந்தது. வெள்ளிவரை தாங்காது. நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அப்பா பழத்தைத் தெருவுக்கெல்லாம் கொடுத்தார். பிறகு டவுணுக்குப் போய், லேசாக நிறம் மாறத் தொடங்கிய காய்களாகப் பார்த்து வாங்கிவந்தார். நேராக அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, இதுக்கு எத்தன பழம் வைக்கணும்?"

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "டிரம்முக்கு ஒண்ணு போதும்ப்பா."

"அன்னைக்கு எத்தன வச்ச?"

"ஒரு சீப்பு."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை பழம் பதமாக வந்திருந்தது. முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "அண்ணாச்சி, பழம் நல்லாருக்கே, எங்கன வாங்குனீய?" என்றார்.

"எங்க சின்ன மவ பழுக்க வச்சது," என்றார் அப்பா. "மதுரையில மேல்படிப்பு படிக்கப் போறா."

சந்தனக் கிண்ணத்தோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் அதுவரை அவர் சொல்லவே இல்லை. இரண்டாம் பந்தியில் எனக்கு மதுரையில் இடம் கிடைத்துவிட்டது என்றார்கள். மூன்றாம் பந்தியில் மாநிலத்திலேயே முதல் மார்க். வாசலில் தாம்பூலப் பை வாங்கிய ஒரு அம்மாள் என் கன்னத்தைத் தடவி, "மதுரையில புரொபசரா இருக்கியாமே!" என்றாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் யாரையும் திருத்தவில்லை.