பிள்ளைக்குப் போட்ட சின்ன இலை

எங்கள் வீட்டில் தலையில் பூ வைப்பதே பாவம். சினிமா பாவம், சீட்டாட்டம் பாவம், பக்கத்து வீட்டுப் பொங்கல் மகாபாவம். போடியில் முதன்முதலாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பம் நாங்கள் என்பார் அப்பா. அந்தப் பெருமையை விட்டால் அவருக்கு வேறு சொத்து இல்லை. மனைவியை இழந்த ஒருவர் கைக்குழந்தையோடு சின்னமனூர்ப் பக்கமிருந்து நடந்து வந்தாராம். அந்தக் குழந்தைதான் அப்பாவின் தாத்தா. அதற்கு முந்தைய கதை எங்களுக்குத் தெரியாது.

குடலில் புற்று என்று டாக்டர் கைவிரித்ததும் அப்பா என்னைப் பிடுங்க ஆரம்பித்தார். "எந்த ஊருன்னு தெரியாம நான் போயிச் சேரமாட்டேன் ஆத்தா."

மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட எல்லோரும் சொந்த ஊருக்கு வருவார்கள், விசாரிக்க அதுதான் தோது என்றார்கள். சிவராத்திரிக்கு மறுநாள் சின்னமனூர்ப் பக்கம் போய் ஊர் ஊராக விசாரித்தேன். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு வீட்டில் நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அந்த வீட்டம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அந்தப் பிள்ள பொழைச்சுச்சா தாயி?"

உள்ளே ஒரு மரப்பெட்டியில் புதுச்சேலை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய கணவரின் முன்னோரும் எங்கள் முன்னோரும் அண்ணன் தம்பி.

"அவுக பொண்டாட்டி சாகல. சாமிய விட்டு வரமாட்டேன்னு நின்னுட்டாக. பால்குடி மறக்காத பிள்ளையத் தூக்கிட்டு அவரு போயிட்டாரு. தேடித் தேடிப் பாத்துட்டு அந்தம்மா கிணத்துல விழுந்துட்டாக. அதான் எங்க வீட்டுச் சாமி. அவுகளுக்கு ஒரு இலை, பிள்ளைக்கு ஒரு சின்ன இலை."

சின்ன இலையில் பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு, காரமே இல்லாமல். அதைத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தார். "அப்பாவுக்குக் குடுங்க. இது உங்க வீட்டுச் சோறுதான்."

அப்பாவுக்கும் அப்போது காரமில்லாத சோறுதான் தொண்டையில் இறங்கும்.

நான் சொன்னதையெல்லாம் அப்பா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு வாளியைக் காட்டினார். "படைச்சதா?"

"ஆமாப்பா."

பொய் சொல்லியிருக்கலாம். அவர் வளர்த்த வளர்ப்பு, வாய் வரவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் கிணற்றில் விழுந்திருக்கிறாள், இவருக்கு இன்னும் பாவக் கணக்கு! மாலைக்குள் சோறு ஊசிப்போனது. கொல்லையில் கொட்டிவிட்டு வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

விளக்குப் போடும் நேரத்தில் கூப்பிட்டார். "ஆத்தா, அந்தச் சோத்துல ஒரு வாய் குடு."

"ஊசிப்போச்சுப்பா. கொட்டிட்டேன்."

"இத்தன காலமா போட்டுக்கிட்டு இருந்திருக்காகளே" என்றார். அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை.

"அடுத்த மாசிக்குப் போவோம்ப்பா" என்றேன். அது நடக்காது என்று இருவருக்கும் தெரியும்.

பங்குனி பிறப்பதற்குள் அவரை அடக்கம் செய்தோம். பங்காளி வீட்டுச் சாவு என்று அந்த அம்மாவும் கணவரும் கோடித்துணியோடு வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"சாப்புட்டாகளா தாயி?"

"சாப்புட்டாக" என்றேன்.