சுவருக்கு அந்தப் பக்கம்

ஜீயபுரத்து வீட்டில் நடுச்சுவரை இடிக்கிறார்கள். கடப்பாரைச் சத்தம் தபால் முத்திரை குத்துவது போல இருக்கிறது.

ஐம்பதுகளில் எங்கள் கூடத்தை இந்தச் சுவரால் மறித்து, முன்பாதியைப் போஸ்ட் ஆபீஸுக்கு வாடகைக்கு விட்டிருந்தார் அப்பா. காலையில் அரக்கு வாடையும் முத்திரைச் சத்தமும் சுவரைத் தாண்டி வரும். சுவரோரம் உட்கார்ந்து அம்மா எனக்குத் தலை பின்னுவாள்.

சாவுச் செய்தி வந்த கார்டை நாங்கள் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம். அம்மாவின் தம்பி இறந்த செய்தி வந்தபோதும் அப்பா கார்டை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டார்.

அம்மா அழவில்லை.

"அது நம்ம கூடத்துக்கு வந்துட்டுத்தாங்க போயிருக்கு. முத்திரை குத்துனப்ப நான் இவளுக்குத் தலை பின்னிக்கிட்டிருந்தேன்," என்றாள்.

இப்போது சுவர் விழுந்துவிட்டது. முத்திரை மேஜை இருந்த இடம், நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டிவிடும்.